கம்பத்தில் இரண்டு மீட்டர்

ஜனவரி 12
காலை 6 மணி: 0.25

அன்புள்ள குடுக்கைக்கு,

அவசரக்குடுக்கை என்று முழுப்பெயரையும் எழுதினால் உன் வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பாதியோடு விட்டுவிட்டேன். இங்கே நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தாயா, இல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாயா?

போனில் பேசிப் பழகிய வாய்க்குக் கடிதம் எழுத வரவில்லை. இரண்டு நாட்டுத் தண்ணீர் ஒப்பந்தம் காலாவதியான மறுநாளே எல்லைக்கு அந்தப் பக்கம் போகிற லைன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். நம் இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இருந்த லைனும் போச்சு. பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் பாலத்தடிக்குப் போய், அளவுக் கம்பத்தில் தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வேன். எங்கள் ஆபீஸ் அதை உங்கள் அணைக்குச் சொல்லும். எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்வீர்கள். இனிமேல் அதுவும் கிடையாது, இதுவும் கிடையாது. எங்கள் என்ஜினீயரிடம் ஏன் என்று கேட்டேன். "அவங்க சொல்லலைன்னா நாம மட்டும் எதுக்குச் சொல்லணும்?" என்றார். ஐம்பது வயது மனிதர், பென்சிலை மறைத்து வைக்கிற பிள்ளை மாதிரிப் பேசுகிறார்.

மகள் வந்துவிட்டாள். மாப்பிள்ளை கப்பலில் ஏறிவிட்டார், திரும்ப எட்டு மாதம் ஆகும். இவளுக்கு ஜூன் கடைசியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதே இட்ட அடி நோகாமல் நடக்கிறாள்.

மாமா சொல்லச் சொன்னது: "போன்னா பாதியில வச்சிடலாம். கடிதத்தைக் கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். மாட்டினியா மச்சான்."

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் நடந்து வந்து சேர்ந்தது. முதுகுவலி முதுகிலேயேதான் இருக்கிறது. மருமகளை மாடிப்படி ஏறவிடாதே. மாமாவின் தையல் மெஷின் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தேதிக்குக் கீழே அன்றைய அளவை எழுதியிருக்கிறாய். பார்த்ததும் சிரித்துவிட்டேன். மளிகைச் சீட்டில்கூட அப்பா மேலே கம்பத்து அளவை எழுதித்தான் உப்பு, புளி என்று ஆரம்பிப்பார். உனக்கும் அதே கை. விட்டுவிடாதே அக்கா. எல்லை தாண்டி இங்கே வேலைக்கு வந்து, அந்தக் கம்பத்தைப் பார்த்து இருபது வருஷம் ஆகிறது, ஆனாலும் மறக்கவில்லை. நாலு வந்தால் துவைக்கிற கல் முழுகும். ஐந்து வந்தால் கீழ்த்தெரு. ஏழு வந்தால் நம் வாசல். எட்டரையில் பள்ளிக்கூடத்துப் படி. வாய்ப்பாடு மறந்துபோச்சு, இது போகவில்லை.

இங்கே கட்டுப்பாட்டு அறையில் நான்தான் இப்போது ஷிப்டுக்குத் தலைமை. ஐந்து மதகு, எந்த மதகை எவ்வளவு தூக்கலாம் என்று தினமும் நான் எழுதிக் கொடுக்கிறேன், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுகிறார். இந்த வருஷம் மலையில்

[இங்கே மூன்று வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கின்றன]

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16
காலை 6 மணி: 1.90

அன்புள்ள குடுக்கைக்கு,

எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம். உன் கடிதத்தைப் பிரித்தேன். மூன்று வரி கறுப்பு. உறை மேலே 'பார்வையிடப்பட்டது' என்று ஒரு முத்திரை. நாம் ஊர்க்கதை பேசுவதை யாரோ ஒருவன் மேசைமேல் விரித்து வைத்துப் படிக்கிறான் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. மலையில் என்னடா? அதை மட்டுமாவது வேறு விதமாகச் சொல்லக்கூடாதா?

இங்கே தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. "இவ தம்பிதானே மேல தண்ணியை அடைச்சு வச்சிருக்கான்" என்று காய்கறிக் கடையில் என் காது படவே ஒருத்தி சொன்னாள். நான் கேட்காத மாதிரி வெங்காயம் பொறுக்கினேன்.

ஆபீசில் ஒரு மராமத்து வேலை நடந்தது. அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மீறினால் வேலை போகும், அதற்கு மேலும் ஆகும் என்றார் என்ஜினீயர். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு எதற்கு வம்பு, இந்த வயதில்?

மாமா சொல்லச் சொன்னது: "கறுப்பு மை அடிச்சவன் கை நல்லா நேரா ஓடியிருக்கு. வேலை போனா எங்கிட்ட வரச் சொல்லு, துணியில கோடு போட ஆள் வேணும்."

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் எல்லோரும் சுகமா என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம்.

உன் கடிதத்தின் மேல்வரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. போன கடிதத்துக்கும் இதற்கும் ஒரு மாதம்தான். அதற்குள் இவ்வளவா? அங்கே மழை அடிக்கிறதா? இங்கே இருந்து நாங்கள் அவ்வளவு அனுப்பவில்லையே.

மேற்பார்வையாளரும் ஒரு தடவை உன் கடிதத்தின் மேல்வரியைப் பார்த்தார். "உங்கக்கா கையெழுத்து நல்லா இருக்கு, அடிக்கடி எழுதச் சொல்லு" என்றார். இப்போதெல்லாம் கடிதம் வந்திருக்கிறதா என்று என்னைவிட அவர்தான் முதலில் கேட்கிறார்.

வெயில் ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது. நான் எழுதியது அவ்வளவுதான், பரிசோதகர் ஐயா, வெயில் வந்தது என்று எழுதக்கூடத் தடையா?

உன் வீட்டு வாசலுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நீ அடிக்கடி எழுது. நாலு வரி போதும். மேலே வழக்கம்போல எழுதிவிட்டு நாலு வரி எழுது.

தம்பி


மார்ச் 21
காலை 6 மணி: 2.80

அன்புள்ள குடுக்கைக்கு,

கும்பிடு போட்டுக் கேட்டால் நாலு வரி எழுதாமல் இருப்பேனா? உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீ. நாங்கள் நலம். மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பயணம் கூடவே கூடாதாம். அவள் படுத்திருக்கிறாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

மழையா என்று கேட்டாய். இரண்டு நாள் நல்ல மழை. ஆனால் ஆற்றைப் பார்த்தால்

[இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கின்றன]

அதனால் நீ வீணாகக் கவலைப்படாதே. கீழே வாழ்கிறவளுக்கு இல்லாத பயம் மேலே இருக்கிறவனுக்கு ஏன்?

பொய் சொல்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்ட இடம் எல்லாம் எனக்குக் கனவில் வருகிறது.

மாமா சொல்லச் சொன்னது: "பிறக்கிறது பொண்ணா இருந்தா உங்கக்கா மூக்கு வரட்டும், வாய் மட்டும் வேணாம்."

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்குகிறது. மருமகளுக்குப் படுக்கை என்று படித்ததும் என் மனசு சரியில்லை. அவளைத் தூக்கிக்கொண்டாவது மே மாதத்துக்குள் இங்கே வந்துவிட முடியுமா? எல்லையில் என்ன காகிதம் கேட்டாலும் நான் வாங்கித் தருகிறேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்காதே. கேட்டால் எழுதுவேன், எழுதினால் கறுப்பாகத்தான் உனக்கு வரும்.

உனக்காக ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். தினமும் செய்கிறேன். அதை மேற்பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்கிறார், அவருக்கும் வேறு கணக்குக் கிடையாது, உன் மேல்வரி ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதனால் என்னைத் திட்டாதே. இங்கே அறையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் திட்டுவது போதும். ஒருவர் நேற்று என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். உன்னால் நம் எல்லோர் தலையும் போகப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

முதுகுவலி இல்லை. வலியை நினைக்க நேரம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 22
காலை 6 மணி: 4.55

அன்புள்ள குடுக்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

வா வா என்கிறாய். இவளைக் கட்டிலோடு பஸ்ஸில் ஏற்றவா? டாக்டர் இவளை மாடிப்படியே இறங்கக்கூடாது என்கிறார், நீ மலை ஏறச் சொல்கிறாய். நான் வந்தால் கம்பத்தை யார் பார்ப்பது? ஒரு நாள் விட்டதில்லை நான். காய்ச்சல் வந்தபோதுகூட மாமா தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் காலோ ஒரு பக்கம் சாய்ந்த கால், நானோ காய்ச்சல்காரி. யார் யாரைப் பிடித்தோம் என்று இன்றைக்கும் தெரியாது.

எனக்காகச் செய்கிற காரியம் என்ன? புதிர் போடாதே. யாராவது என்னைக் கேட்டால் 'தம்பி எனக்காக ஏதோ செய்கிறான், என்ன என்று தெரியாது' என்றா சொல்வேன்?

நல்ல மழை பெய்துகொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் இப்படி மழையைப் பார்த்ததில்லை.

மாமா சொல்லச் சொன்னது: "உனக்கு ஒரு பேன்ட் துணி எடுத்து வச்சிருக்கேன். இடுப்பளவு எழுதி அனுப்பு. பழைய அளவுக்குத் தச்சா பட்டன் தெறிச்சு உன் பொண்டாட்டி கண்ணுல படும்."

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் முப்பத்தெட்டு என்று சொல். சிரிக்க வேண்டாம் என்றும் சொல். மருமகள் எப்படி இருக்கிறாள்?

4.55 என்று படித்த அன்று எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. துவைக்கிற கல் முழுகியிருக்கும். அந்தப் படியில் பாசி பிடிக்கும், வழுக்கும், காலையில் நீ தனியாக இறங்காதே. கீழ்த்தெரு வாசலுக்கு இன்னும் அரை மீட்டர்கூட இல்லை. அங்கே இருக்கிறவர்களை என் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் பயப்படாதே அக்கா. நான் இந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும் இதற்கு மேல் உன் பக்கம் ஒரு சொட்டு வராது. நாற்பது நாளாக வரவிடவில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். இதைக் கறுப்பு அடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், இதில் தண்ணீர் என்ற சொல் இல்லை.

தம்பி


மே 16
காலை 6 மணி: புதுக் கம்பத்தில் 4.50. நீ நினைக்கிற கம்பத்தில் 2.50.

தம்பி,

மேலே எழுதியிருப்பதை இரண்டு தடவை படி. பிறகு மதகைத் திறக்க ஓடு. ஓடிவிட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதம் நேற்று வந்தது. கல் முழுகியிருக்கும், வழுக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னடா உளறுகிறான், கல் காய்ந்து கிடக்கிறதே, மாமா நேற்றுகூட அதன்மேல் உட்கார்ந்துதானே செருப்பைக் கழுவினார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லும்போதே உறைத்தது. கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. மகள் பயந்து எழுந்துவிட்டாள்.

பிப்ரவரியில் நடந்த மராமத்து இதுதான். ஆறு இளைத்துப் போய், மணலும் அள்ளி அள்ளிப் பள்ளமாகி, தண்ணீர் கம்பத்தின் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே என்று ஏட்டில் எழுதினால் மணல் அள்ளியது வெளியே தெரியும், புது ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நம் பக்கத்துக்கு இளப்பம் என்று என்ஜினீயர் சொன்னார். கம்பத்தைப் பிடுங்கி இரண்டு மீட்டர் கீழே இறக்கி நட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதுகிற எல்லா அளவும் நீ வளர்ந்த கம்பத்தைவிட இரண்டு கூடுதல். உனக்குச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டேன், சொல்லவில்லை. மேலே எழுதுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. கை தானாக எழுதிவிடும். மேல்வரி மேல்வரி என்று நீ எழுதியும், அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்வாய் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. மார்ச்சில் அழித்தார்களே இரண்டு வரி, ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர், துவைக்கிற கல்லுக்கு வெகு கீழே ஓடுகிறது என்றுதான் அதில் எழுதியிருந்தேன்.

நீ செய்கிற காரியம் இப்போது புரிகிறது. நான் முழுகிவிடுவேன் என்று தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறாய். தெருவில் சொன்னவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இங்கே இரண்டு மீட்டர் இடம் காலியாக இருக்கிறது தம்பி. கொஞ்சம் கொஞ்சமாக விடு. இன்றைக்கே விடு. மொத்தமாக மட்டும் வேண்டாம்.

இதைத் தபால் பெட்டியில் போட்டால் கறுப்பாகிவிடும். அதனால் நானே பரிசோதகர் ஆபீசுக்குக் கொண்டுபோய், அவர் முன்னால் நின்று படித்துக் காட்டப் போகிறேன். என் வேலை போகட்டும். அதற்கு மேலும் ஆகட்டும்.

மாமா சொல்லச் சொன்னது: "தைரியமா திறந்து விடு மச்சான். கீழே நாங்க பார்த்துக்கறோம்."

அக்கா

[கீழே வேறு கையெழுத்தில்] பார்வையிட்டேன். அழிக்க ஒன்றும் இல்லை. என் வீடும் கரையில்தான். — பரிசோதகர்


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

[பக்கம் முழுவதும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கிறது]

தம்பி


மே 26

அக்கா,

யாருக்கு எழுதுகிறேன், எந்த முகவரிக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலை பத்து மணிக்குக் கையில் கிடைத்தது. நாங்கள் மதகு திறந்தது அதே நாள் காலை ஆறு மணிக்கு. நீ கம்பத்தைப் பார்க்கிற நேரம்.

நான்கு மணி நேரம். உறையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து முத்திரை பதினெட்டாம் தேதி. உங்கள் பரிசோதகர் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஏழு நாள் இங்கே யாரோ ஒருவர் மேசையில் கிடந்திருக்கிறது. விடுமுறையில் போயிருந்தாராம்.

சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மலையில் பனி அதிகம், அது ஒரு மாதம் முன்னாலேயே உருகியது. ஏப்ரல் முழுக்க இரண்டு மதகைப் பாதி தூக்கியிருந்தால் போதும். நீ அனுப்பிய அளவைப் பார்த்துவிட்டு, கீழே இடம் இல்லை, மூடியே வைக்கலாம் என்று தினமும் எழுதியது நான். அத்தனை நாள் எழுதினேன். மே மூன்றாம் வாரம் பனிமேல் மழை விழுந்தது. அணை விளிம்புக்கு வந்துவிட்டது. சுவர் அதிர்ந்ததைக் காலில் உணர்ந்தேன். அணை உடைந்தால் நீங்கள் மட்டும் இல்லை, கடல் வரைக்கும் யாரும் மிஞ்ச மாட்டார்கள். ஐந்து மதகையும் முழுசாகத் தூக்கச் சொன்னார்கள். பொத்தானை அழுத்தியதும் நான்தான். வேறு யாரையும் அழுத்தவிடவில்லை.

பதினேழாம் தேதி எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினேன். என்னவெல்லாம் அழித்தார்களோ தெரியாது. மேட்டுக்குப் போ என்பதை மட்டும் ஏழெட்டு இடத்தில் எழுதினேன். ஒரு இடத்திலாவது தப்பியிருக்கும் என்று.

தண்ணீர் உன் பாலத்துக்கு வர முப்பது மணி நேரம் ஆகும். இதை எழுதும்போது மணி பதினொன்றரை. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, எப்படி இருக்கிறாய்? மாமா எப்படி இருக்கிறார்? மருமகள் எப்படி இருக்கிறாள்? ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிற கேள்விதான். பதில் எழுது.

தம்பி


ஜூன் 4
காலை 6 மணி: கம்பம் இல்லை. தண்ணீர் நம் வீட்டு வாசலை விட்டு, துவைக்கிற கல்லுக்கும் கீழே. இறங்குகிறது.

தம்பிக்கு,

மகள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளும் நலம், வயிற்றில் இருப்பதும் நலம். நான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

உன் பதினேழாம் தேதிக் கடிதம் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் வந்தது. பிரித்தால் பக்கம் முழுக்கக் கறுப்பு. 'அன்புள்ள அக்காவுக்கு' இருந்தது, 'தம்பி' இருந்தது, நடுவில் ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லை. ஒரு இடமும் தப்பவில்லையடா. ஆனால் அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? முன்பெல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. இப்போது முழுப் பக்கம் என்றால் வருவதும் முழுசாகத்தான் வருகிறது என்று புரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் மாமாவும் வீடு வீடாக ஏறினோம். என்னைப் பேசியவளே அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தை நான் நம்பவில்லை. எல்லோரையும் ரயில் பாதை மேட்டுக்குக் கொண்டுபோனோம். மகளைக் கட்டிலோடு எட்டுப் பேர் தூக்கினார்கள். காலைக்குள் கீழ்த்தெருவில் இரண்டு வீட்டைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் துவைக்கிற கல்கூட நனையவில்லையே, எதற்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

உன் மாமா மேட்டில் உட்கார்ந்து உன் பேன்ட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டையில் அதைத்தான் முதலில் வைத்தார், வீட்டுப் பத்திரத்தை மறந்துவிட்டார். பதினொரு மணி இருக்கும், ஊசியைத் துணியில் குத்தி என் மடியில் வைத்தார். "என் தொண்டைக்கு அவங்க வருவாங்க, உன் காகிதத்துக்கு வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்தக் காலோடு. நான் தடுத்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்காரர்கள் நாலு பேரும் மேடு ஏறி வந்தார்கள். இரண்டாவது வீட்டு வாசலில் அவர் கத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு தண்ணீரின் சத்தம்தான் கேட்டது. நேற்று ஆற்றோடு மூன்று கிலோமீட்டர் கீழே கரை ஒதுங்கிக் கிடைத்தார்.

நீ நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். நான் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

என்ஜினீயர் இன்று புதுக் கம்பத்தோடு வந்தார். பூஜ்யம் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும், அது வரைக்கும் நட விடமாட்டேன் என்று குழியில் இறங்கி நின்றுகொண்டேன். கடிதம் எழுதியதற்கு என்மேல் விசாரணை இருக்கிறதாம். அவர் சொன்னதும் சரி என்றேன். இரண்டு அளவும் அடித்திருக்கிறார்கள். நாளையிலிருந்து மேலே இரண்டையும் எழுதுவேன். உன் மேற்பார்வையாளரிடமும் காட்டு.

பேன்ட்டைத் தனியாக அனுப்புகிறேன். கடைசிப் பட்டன் பாதி தைத்திருக்கிறது. ஊசியை எடுக்கவில்லை, பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

மாமா சொல்லச் சொன்னது:

கை தானாக எழுதிவிட்டது தம்பி. இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

அக்கா